ஏழாண்டுக்குப் பின் ஒரு வாசிப்பு: ‘டிராகுலா’ நாவலின் இறுதிக் குறிப்பு குறித்து

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலின் கடைசிப் பக்கத்தில் ஜோனதன் ஹார்க்கர் ஒரு சிறு குறிப்பு எழுதுகிறார். எல்லாம் நடந்து முடிந்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன. அவருக்கும் மீனாவுக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனுடைய பிறந்த நாளும் அவர்களுடைய தோழர் குவின்சி மோரிஸ் உயிர்விட்ட நாளும் ஒன்று. அவ்வாண்டுக் கோடையில் டிரான்சில்வேனியாவுக்குப் போய்வந்த பிறகு, பெட்டகத்தில் கிடந்த பழைய தாள்களை வெளியே எடுக்கிறார்கள். அவ்வளவு தாள்களிலும் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுகூட இல்லை, எல்லாம் தட்டச்சுக் குவியலே என்பது ஹார்க்கருக்கு உறைக்கிறது. இப்படியொரு கதைக்கு இவற்றைச் சான்றாக ஏற்கும்படி யாரையும் கேட்க முடியாது என்கிறார். பேராசிரியர் வான் ஹெல்சிங் சிறுவனை மடியில் இருத்திக்கொண்டு, தங்களுக்குச் சான்று வேண்டியதில்லை என்று பேச்சை முடித்துவைக்கிறார்.

கடந்த சில பத்தாண்டுகளாக இக்குறிப்பு நாவலுக்கே எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டு வருகிறது. அந்த வாதம் போகும் வழி இது: நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு என்று ஆவணங்களை அடுக்கி நம்பகத்தை எழுப்பிய நாவல், கடைசியில் அடித்தளத்தைத் தானே உருவிவிடுகிறது. மூலம் இல்லை, இருப்பவை படிகள், படியெடுத்தவர்கள் ஒரே குழுவினர், அக்குழு ஒரு வெளிநாட்டுப் பிரபுவைத் துரத்திப் போய்க் கொன்றிருக்கிறது. ஆகவே நாம் படித்தது குற்றவாளிகள் தயாரித்த வழக்குக்கட்டு என்று ஐயுறும்படி ஸ்டோக்கரே கண்காட்டுகிறார் என்பது முடிவு. கூர்மையான வாதம்தான். வகுப்பறையில் மாணவர்களை உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் குறிப்பின் வாசகத்தை முழுமையாகப் படித்தால் அது நிற்காது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதல் வாசிப்பில் இக்குறிப்பு மனத்தில் தங்குவதில்லை. பனியில் நடந்த துரத்தல் அப்போதுதான் முடிந்திருக்கிறது. நாம் அதே வேகத்தில் இதையும் தாண்டிவிடுகிறோம். இளவயதில் மிக விரும்பிப் படித்த திகில் நாவலைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தபோது, அந்நாவலே ஒரு மறுவாசிப்பில்தான் முடிகிறது என்பது என் கண்ணில் பட்டது. பழைய அச்சத்தின் தாள்களை, அச்சம் தீர்ந்த பிறகு, அதே மனிதர்கள் புரட்டுகிறார்கள். இக்குறிப்பைச் சான்றியல் நோக்கில் மட்டும் படிப்பவர்கள் இந்தச் சூழலைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் வாசகத்தைப் பார்ப்போம். மூலம் எதுவுமே இல்லை என்று ஹார்க்கர் சொல்லவில்லை. மீனா, மருத்துவர் செவார்ட், தாம் ஆகிய மூவரின் பிற்பட்ட கையேடுகளையும் வான் ஹெல்சிங்கின் குறிப்பையும் அவர் வெளிப்படையாக விலக்கிச் சொல்கிறார். இந்த விலக்கை மேற்கண்ட ஆய்வு மரபு பெரும்பாலும் அடைமொழி போலக் கருதிக் கடந்துவிடுகிறது. வழக்கின் மையமோ அங்கேதான் இருக்கிறது. எந்த நாளிலிருந்து எழுதப்பட்டவை அந்தப் பிற்பட்ட கையேடுகள் என்று ஹார்க்கர் குறிக்கவில்லை. ஆனால் நாவலின் உள்ளேயே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அக்டோபர் 3ஆம் தேதிப் பதிவில், செவார்டின் படிப்பறைக்குள் புகுந்த டிராகுலா அங்கிருந்த கையெழுத்துத் தாள்கள் அனைத்தையும் எரித்துவிட்டான் என்று குழுவில் ஒருவரான கொடால்மிங் வந்து சொல்கிறார். ஒலிப்பதிவு உருளைகளும் நெருப்பில் போடப்பட்டன. அவற்றின் மெழுகு தீயை வளர்த்தது. உடனே செவார்ட் குறுக்கிட்டு, நல்ல வேளையாக இன்னொரு படி பெட்டகத்தில் இருக்கிறது என்கிறார். மீனா ஒவ்வொன்றையும் ஒரே தட்டச்சில் மூன்று படிகளாக எடுத்திருந்ததால் தப்பிய படி அது.

மூலங்கள் இல்லாமல் போனதற்குக் காரணம் நாவலிலேயே, நாள் குறித்து, பதிவாகியிருக்கிறது. சான்றை அழித்தவன் டிராகுலா. எஞ்சிய கையேடுகள் அந்த இரவுக்குப் பிற்பட்டவையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அந்தப் பிற்பகுதியில் என்ன இருக்கிறது? வார்னாவுக்கும் கலாட்ஸுக்கும் போன பயணம், ஆற்றுவழித் துரத்தல், கோட்டையில் மூன்று பெண்களை வான் ஹெல்சிங் முடித்தது, நவம்பர் 6ஆம் தேதி மாலை டிராகுலாவை வீழ்த்தியது. குழு கூடிப் பொய் புனைந்திருந்தால் முதலில் திருத்தவேண்டிய பக்கங்கள் இவைதாம். ஹார்க்கரின் கணக்குப்படி மூலமாகவே எஞ்சியவையும் இவைதாம். தட்டச்சாக மட்டும் மிஞ்சியவை கோட்டையில் ஹார்க்கர் சிறைப்பட்டதும் மீனாவின் தோழி லூசி நோயுற்று இறந்ததும் அடங்கிய முற்பகுதிகள்; அதாவது குழு பாதிக்கப்பட்ட பகுதிகள், குழு டிராகுலாவைக் கொன்ற பகுதிகள் அல்ல. மீனா பயணத்தில் ஒரு சிறு தட்டச்சுப்பொறியும் வைத்திருந்தார், ஆகவே பிற்பகுதி முழுவதும் கையெழுத்து என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் சதிவாதம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரான திசையில் நாவலின் ஆவண நிலை அமைந்திருக்கிறது என்பதை மறுக்க இடமில்லை.

படியெடுத்தல் என்றாலே திரித்தல் என்று கொள்வது இவ்வாதத்தின் இரண்டாவது பலவீனம். செப்டம்பர் 29ஆம் தேதிப் பதிவுகளை இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். முழு நாவலிலும் என்னை மிகவும் அசைத்த இடம் அது. செவார்ட் மாதக்கணக்கில் தம் நாட்குறிப்பை மெழுகு உருளைகளில் பேசிப் பதிந்து வந்திருக்கிறார். லூசியின் மரணம் பற்றி மீனா கேட்கும்போதுதான் ஒன்று அவருக்குத் தெரிகிறது: அந்த உருளைகளில் ஒரு குறிப்பிட்ட பகுதியை எப்படித் தேடி எடுப்பது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. பதிவு இருக்கிறது, திரும்பிப் போக வழி இல்லை. மீனா தட்டச்சு செய்து தருவதாக முன்வருகிறார். உருளைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி முடித்த பின், அந்தக் கருவி வியப்புக்குரியது, ஆனால் இரக்கமில்லாத அளவுக்கு உண்மையானது என்ற பொருளில் செவார்டிடம் பேசுகிறார். அவருடைய நெஞ்சின் வேதனை குரலிலேயே கேட்டுவிட்டது. இனி வேறு யாரும் அதைக் கேட்கவேண்டியதில்லை, சொற்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டேன் என்கிறார்.

மூலத்தைவிட்டு விலகியது இங்கே தெரிந்தே செய்த செயல், அதுவும் கருணையால் செய்த செயல். குரலில் இருந்த அழுகை நீங்கியதால்தான் செவார்டின் துயரம் மற்ற ஐவரும் பயன்படுத்தத்தக்க செய்தியாக மாறுகிறது. அழுகையோடு அதை எல்லோரும் கேட்டிருந்தால் மனம் இளகியிருக்கும். நாள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நடந்திருக்காது. இந்தக் காட்சியை எழுதிய ஆசிரியர், தட்டச்சுப் படி என்பதை நம்பகமின்மையின் குறியாகக் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும், தட்டச்சான பக்கங்களை உரியவர்கள் அனைவரும் தீ மூளுவதற்கு முன்பே படித்தார்கள். தன் சொற்கள் மாறியிருக்கின்றன என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் உடந்தை என்று சொல்லி இதற்கும் பதிலளிக்கலாம். எதையும் விளக்கிவிடும் அப்படிப்பட்ட பதிலோடு வாதிட்டுப் பயனில்லை.

இனிக் குறிப்பின் வரிசை. தாள்களுக்கு முன் பயணம் வருகிறது. ஏழாண்டுகளுக்குப் பின் பழைய நிலத்தில் போய் நிற்கிறார்கள். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மெய்யாக நடந்தவை என்று நம்புவதே ஏறக்குறைய இயலாமல் போகிறது. நடந்தவற்றின் தடம் அனைத்தும் அழிந்துவிட்டது. கோட்டை மட்டும் முன்போலவே பாழ்வெளிக்கு மேலே நிற்கிறது. இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அச்சுக்குப் போன தட்டச்சுப் படியில் டிராகுலா மடிந்ததும் கோட்டையே எரிமலை வெடித்ததுபோல் சிதறி மறைவதாக ஒரு பகுதி இருந்தது. அது நீக்கப்பட்டு நூல் வெளிவந்தது. எட்கர் ஆலன் போவின் கதையொன்றை நினைவூட்டிவிடும் என்ற தயக்கம், தொடர்ச்சி எழுதும் எண்ணம் என்று காரணங்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றை நான் தள்ளவில்லை. ஆனால் நீக்கத்தின் விளைவைக் காரணத்தைவிட உறுதியாக நம்மால் சொல்ல முடியும். கோட்டை அழிந்திருந்தால், தடம் இல்லாததற்கு அந்த அழிவே விளக்கமாகியிருக்கும். கோட்டை நிற்கும்போதே தடம் இல்லை என்கையில், இடத்துக்கு நினைவு கிடையாது என்ற செய்தி வாசகர்முன் வெறுமையாக நிற்கிறது. கல்லும் மலையும் எதையும் வைத்திருக்கவில்லை. அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து பெட்டகத்தைத் திறக்கிறார்கள்.

குறிப்பு இரண்டு திரும்புதல்களை அடுத்தடுத்து வைக்கிறது: இடத்துக்குத் திரும்புதல், எழுத்துக்குத் திரும்புதல். முதலாவது அவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையையே அந்நியமாக்கிவிடுகிறது. இரண்டாவது கையில் தட்டச்சுக் குவியலைத் தருகிறது. அதை மூலமில்லை என்று ஹார்க்கர் சொல்வது உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதைக் கேட்க வேண்டும். என் வாதத்தின் முதன்மையான பகுதி இதுவே.

மூலத்தையும் படியையும் பிரித்தறிவது ஹார்க்கரின் தொழில், அவர் சொலிசிட்டர். அதற்கும் மேலாக, சான்று இல்லாமையால் நிலைகுலைந்து போனவர் அவர். கோட்டையிலிருந்து தப்பிப் புடாபெஸ்ட் மருத்துவமனையில் கிடந்தபோது, தாம் கண்டது நடந்ததா, பித்தனின் கனவா என்று அவருக்குத் தெரியவில்லை. சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பை மீனாவிடம் கொடுத்துவிட்டு, விரும்பினால் படிக்கலாம், தம்மிடம் மட்டும் சொல்லக்கூடாது என்கிறார். மீனா அதை வெள்ளைத் தாளில் சுற்றி, கழுத்திலிருந்த வெளிர்நீல நாடாவால் கட்டி, திருமண மோதிரத்தால் முத்திரை வைக்கிறார். செப்டம்பர் 22இல் லண்டன் பிக்காடிலியில் இளமை திரும்பிய டிராகுலாவைக் கண்டு ஹார்க்கர் தளர்ந்துபோன பிறகுதான் அந்தக் கட்டு பிரிக்கப்படுகிறது. படித்த கையோடு மீனா தட்டச்சுப்பொறியை எடுக்கிறார். அந்தத் தட்டச்சைப் படித்த வான் ஹெல்சிங், எல்லாம் உண்மை என்று எழுதி அனுப்புகிறார். செப்டம்பர் 26ஆம் தேதிப் பதிவில் ஹார்க்கர் மறுபிறவி எடுத்தவர்போல் பேசுகிறார்: தம்மை வீழ்த்தியது அந்த ஐயமே, இப்போது தெரிந்துவிட்டது, டிராகுலாவிடம்கூட அச்சமில்லை.

இதே மனிதர்தான் ஏழாண்டு கழித்து, சான்று ஏதுமில்லை, யாரையும் நம்பச் சொல்ல முடியாது என்று எழுதுகிறார். அதை எழுதும்போது அவருக்குக் காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. பழைய நாள்களை இப்போது எல்லோரும் மனம் உடையாமல் நினைத்துப் பார்க்க முடிகிறது என்று சற்று முன்புதான் சொல்லியிருக்கிறார். பிறர் வந்து உண்மை என்று சொன்னால்தான் உயிர் பிழைக்க முடியும் என்ற நிலையிலிருந்து, பிறர் நம்பாவிட்டாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்ற நிலைக்கு அவர் வந்திருக்கிறார். குறிப்பு பதிவுசெய்வது இந்தத் தூரத்தை. பேசுபவரின் வரலாற்றைக் கழித்துவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துவைத்தால் அது வழக்கறிஞரின் தற்காப்பாகத் தெரியும். முழு நாவலையும் படித்துவிட்டு வருபவருக்கு அது குணமடைந்தவரின் பேச்சு.

மறுவாசிப்பை நாவலின் கடைசிப் பக்கத்தோடு நான் வலிந்து பொருத்துவதாக எண்ணலாம். அப்படியன்று. திரும்பப் படிப்பதே இந்நாவலில் ஆபத்தை வெல்லும் கருவி. அக்டோபர் 28இல் டிராகுலாவின் போக்கை ஊகிக்க முயலும்போது, ஹார்க்கரின் முதல் நாட்குறிப்பில் ஒரு பகுதி மீண்டும் எடுத்துப் படிக்கப்படுகிறது. மே மாதத்து இரவொன்றில் டிராகுலா தன் குலப்பெருமை பேசியபோது, பெரிய ஆற்றைக் கடந்து துருக்கியர் நிலத்தில் மீண்டும் மீண்டும் படை நடத்தி, தோற்றதும் ஊர் திரும்பிய முன்னோன் ஒருவனைப் பற்றிச் சொல்லியிருந்தான். முதல் வாசிப்பில் அது பழங்கதை அளப்பு. நாமும் கோட்டையின் கதவுகளைப் பற்றிய கவலையில் அதைக் கடந்துவிடுகிறோம். மீனா அதை மறுபடி படித்து, தோற்றால் தன் நிலத்துக்கே ஓடும் பழக்கம் இவனுடையது என்று கண்டெடுக்கிறார். இரண்டு நாள் கழித்து, தாள்களை எல்லாம் மீண்டும் பார்த்து, அவன் செரெத் ஆற்றின் வழியாகத்தான் போவான் என்று எழுதிவைக்கிறார். துரத்தலின் திசையை முடிவுசெய்தது அந்தக் குறிப்பு.

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. செப்டம்பர் 30ஆம் தேதி இரவு, இனி மீனாவுக்கு எதுவும் தெரியவேண்டாம் என்று ஆண்கள் முடிவெடுக்கிறார்கள். தாள்களை அடுக்கியவரே அவற்றிலிருந்து விலக்கப்படுகிறார். டிராகுலா அவரை நெருங்குவது அதற்குப் பிறகு. அக்டோபர் முதல் தேதிப் பதிவில் அறைக்குள் மூடுபனி புகுவதை மீனா எழுதுகிறார். கோட்டையில் அந்தப் பெண்கள் நிலவொளிப் புழுதியில் உருப்பெற்றதை ஜோனதன் இப்படித்தான் கண்டிருப்பார் என்ற எண்ணம்கூட அவருக்கு வருகிறது. படித்தது நினைவிருக்கிறது, சொல்லிப் பார்க்க ஆளில்லை. அவர் வெளிறிப்போயிருப்பதை ஹார்க்கர் கண்டு, அலுப்பு என்று எழுதிக்கொள்கிறார். லூசி நாளுக்கு நாள் வெளுத்ததற்கு நான்கு பேர் இரத்தம் கொடுத்த கதை தட்டச்சாகி, எல்லோரும் படித்தாயிற்று. ஒருவரும் அந்தப் பக்கங்களுக்குத் திரும்பிப் போகவில்லை. மனநோய் விடுதியில் அடைபட்ட ரென்ஃபீல்டு மட்டும் மீனா முன்போல் இல்லை என்று கண்டுகொள்கிறான். கெண்டியில் மேலும் நீர் ஊற்றிய தேநீரைப் போலிருந்தார் என்பது அவன் ஒப்புமை.

முதன்முறை படிக்கையில் அச்சம் கோட்டையில் இருந்தது: பூட்டிய கதவு, சுவரில் தலைகீழாக இறங்கும் உருவம், கண்ணாடியில் விழாத பிம்பம். மறுவாசிப்பில் அவை அச்சம் தருவதில்லை, விடை தெரியும். அச்சம் இடம்பெயர்ந்து அக்டோபரின் முதல் மூன்று நாள்களில் வந்து அமர்கிறது. தெரிந்தவர்கள், தெரிந்ததைத் திரும்பிப் பார்க்காமல், அன்பின் பேரால் ஒரு பெண்ணைத் தனியே உறங்க விட்டுவிட்டுப் போகிறார்கள். திகில் நாவல் ஒருமுறைக்கு மேல் தாங்காது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு என்னால் காட்டக்கூடிய மிக வலுவான மறுப்பு இந்தப் பக்கங்கள்.

வேறு இரண்டு மறுப்புகளைச் சுருக்கமாகத் தொடலாம். நாவலில் டிராகுலாவுக்குக் குரலே தரப்படவில்லை, அது ஒருதலைப்பட்சத்தின் அடையாளம் என்பது ஒன்று. பிஸ்ட்ரிட்ஸ் விடுதியில் ஹார்க்கருக்காகக் காத்திருக்கும் வரவேற்புக் கடிதம் டிராகுலா எழுதியதே. நாவலில் நமக்கு முதலில் கிடைக்கும் கடிதமும் அதுதான். கோட்டை உரையாடல்கள் பக்கம் பக்கமாக அவன் பேச்சு. ஆண்டுக்கணக்கு இடிக்கிறது என்பது மற்றொன்று. ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் நூலகத்திலுள்ள ஸ்டோக்கரின் குறிப்புகள் 1893ஆம் ஆண்டு நாட்காட்டியைக் காட்டுகின்றன. அதன்படி ஏழாண்டு கழிந்த இறுதிக் குறிப்பு நூல் வெளிவந்த 1897ஐத் தாண்டிப் போய்விடும். நாவலுக்குள் ஆண்டு எங்கும் சொல்லப்படாத நிலையில், பணித்தாள்களின் நாட்காட்டியைக் கொண்டு கதைமாந்தரைப் பொய்யராக்குவது முறையாகாது.

நாவலின் முகப்பில் உள்ள கையொப்பமற்ற சிறு முன்குறிப்போடு ஹார்க்கரின் குறிப்பு முரண்படுகிறது என்ற கருத்துக்குக் கூடுதல் கவனம் தர வேண்டும். இத்தாள்கள் எப்படி வரிசைப்படுத்தப்பட்டன என்பது படிக்கப் படிக்கப் புரியும் என்றும், தேவையற்றவை நீக்கப்பட்டன என்றும், நினைவு பிழைபட இடமில்லாதபடி எல்லாம் அவ்வப்போது எழுதப்பட்டவை என்றும் அது சொல்கிறது. மூலங்கள் கைவசம் உள்ளன என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. எழுதிய காலம் பற்றிய உறுதி அது. தாளின் தன்மை பற்றிய உறுதியாக அதைக் கொண்டவர்கள்தாம் முரணைக் காண்கிறார்கள். அதை எழுதியவர் யார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. வரிசைப்படுத்தலும் தேவையற்றதை விலக்கலும் யாருடைய வேலையாக நாவலெங்கும் காட்டப்படுகின்றன என்று பார்த்தால், அது மீனா என்று கொள்வதே பொருந்தும். அப்படிக் கொண்டால், நாவலின் முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் இரண்டு கைகளில் பிரிகின்றன: கடைசியில் கணவர், தாள்களில் மூலம் இல்லை என்கிறார், முதலில் மனைவி, அதே தாள்களை அடுக்கி, வரிசையின் நியாயம் படித்து முடித்தவருக்கே விளங்கும் என்கிறார். முதல் வாசிப்பில் அந்த முன்குறிப்பு எதையும் தெரிவிப்பதில்லை, ஏனெனில் அது சுட்டும் உழைப்பு எதையும் நாம் இன்னும் பார்க்கவில்லை. செப்டம்பர் 29இன் உருளைகளையும் அக்டோபர் 3இன் தீயையும் கடந்து வந்து இரண்டாம் முறை முதற்பக்கத்தைத் திறப்பவரை நோக்கியே அது எழுதப்பட்டிருக்கிறது.